வீட்டுக் கணினி பழுதானால் காப்புநகலா, ரீசெட்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒரு கணினி நின்றுபோனால் உறவினரும் அண்டை வீட்டாரும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை, கேட்டவர்களின் சொற்களிலேயே, எளியதில் தொடங்கிச் சிக்கலானது வரை இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகள் விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகியவற்றைக் கருதி எழுதப்பட்டவை.

பேக்கப், ரீசெட் இரண்டும் ஒன்றுதானே? எதைச் செய்தாலும் கணினி பழையபடி வந்துவிடும் இல்லையா?

இரண்டும் வெவ்வேறு இழப்புகளுக்கானவை. காப்புநகல், அதாவது பேக்கப், உங்கள் கோப்புகளைத் திருப்பித் தரும். ரீசெட் விண்டோஸைத் திருப்பித் தரும். அழிந்துபோன ஒரு புகைப்படத்தை எந்த ரீசெட்டாலும் மீட்க முடியாது. அதேபோல், எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் உங்கள் ஆவணங்கள் அனைத்தும் பத்திரமாக இருந்தாலும், திறக்க மறுக்கும் விண்டோஸை அவை சரிசெய்யாது.

ஆகவே, கணினி பழுதானதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, போனது எது என்பதுதான். கோப்பு போயிருந்தால் காப்புநகலைத் தேடுங்கள். விண்டோஸ் கெட்டிருந்தால், கோப்புகளின் நகல் வேறோர் இடத்தில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகு ரீசெட்டைப் பற்றி யோசியுங்கள். டிஸ்க்கே செத்துக்கொண்டிருந்தால் நடைமுறை வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கணினி ஆன் ஆகிறது, ஆனால் விண்டோஸ் திறக்கவில்லை. நேராக ரீசெட் கொடுத்துவிடலாமா?

வேண்டாம். ரீசெட்டுக்கு முன்னால், அதைவிடக் குறைந்த சேதம் விளைவிக்கும் வழிகள் சில உள்ளன. விண்டோஸ் தொடர்ந்து திறக்கத் தவறினால் மீட்புத் திரை தானாகவே வந்துவிடும். வராவிட்டால், விண்டோஸ் திறக்கத் தொடங்கும் நேரத்தில் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதை இரண்டு முறை அடுத்தடுத்துச் செய்தால், மூன்றாம் முறை பெரும்பாலும் வந்துவிடும். அதில் 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்று உள்ளே போனால், முதலில் ஸ்டார்ட்அப் ரிப்பேர், அது பலிக்காவிட்டால் அண்மையில் ஏறிய அப்டேட்டை நீக்குவது, அதன் பிறகு சிஸ்டம் ரீஸ்டோர், என்ற வரிசையில் முயன்று பாருங்கள்.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட் ஒன்றால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. பார்வைக்கு அவை அனைத்தும் முற்றாகப் பாழானவையாகவே தோன்றின. ஆனால் விண்டோஸை அடிப்படைக் கூறுகளோடு மட்டும் திறக்கும் சேஃப் மோடில் நுழைந்து பிழையான ஒரு கோப்பை நீக்கியதும் அவை எழுந்துவிட்டன, ரீசெட் தேவைப்படவில்லை. நீலத் திரையைக் கண்ட மாத்திரத்தில் எல்லாவற்றையும் அழிக்கத் துணிபவர்களுக்கு நான் தவறாமல் சொல்வது இதைத்தான்.

சிஸ்டம் ரீஸ்டோர் ஆன் செய்து வைத்திருக்கிறேன். அதுவே பேக்கப் தானே?

இல்லை. ரீஸ்டோர் பாயிண்ட் என்பது விண்டோஸின் சிஸ்டம் கோப்புகள், அமைப்புகளின் பதிவேடான ரெஜிஸ்ட்ரி, பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் டிரைவர்கள், நிறுவிய மென்பொருள்கள் ஆகியவை ஒரு குறிப்பிட்ட நேரத்தில் எந்த நிலையில் இருந்தன என்பதன் பதிவு. உங்கள் கடிதங்களையும் படங்களையும் அது கெடுக்காது. அவற்றை மீட்டும் தராது. நேற்று ஏற்றிய பிரிண்டர் டிரைவர் கணினியைத் தடுமாற வைத்தால், நேற்றைக்கு முந்தைய நிலைக்குத் திரும்ப அதைவிட நல்ல வழி இல்லை. அந்த நாளுக்குப் பிறகு நிறுவிய மென்பொருள்களை மட்டும் மறுபடியும் போட வேண்டியிருக்கும்.

பல கணினிகளில் இந்த வசதி அணைக்கப்பட்டே இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் 'கிரியேட் எ ரீஸ்டோர் பாயிண்ட்' என்று தேடித் திறந்து, சி டிரைவுக்கு எதிரே 'ஆன்' என்று இருக்கிறதா என்பதை இன்றே பாருங்கள். பழுதான பிறகு ஆன் செய்வதால் பயனில்லை.

ரீசெட்டில் 'கீப் மை ஃபைல்ஸ்' என்று ஒன்று இருக்கிறதே. அதைக் கொடுத்தால் எல்லாம் அப்படியே இருக்கும் அல்லவா?

இந்தப் பெயரை நம்பித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் போன்ற உங்கள் பயனர் கோப்புறைகள் நிற்கும். நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும்; போனவற்றின் பட்டியலை மட்டும் விண்டோஸ் டெஸ்க்டாப்பில் ஒரு கோப்பாக வைத்துவிட்டுப் போகும். மென்பொருள்களோடு அவற்றின் அமைப்புகளும், அவை தமக்குள் மறைவாகச் சேமித்து வைத்திருந்தவையும் போய்விட்டதாகவே கொள்ளுங்கள். கூகுள் கணக்கோடு இணைக்காத குரோமின் புக்மார்க்குகளும் கடவுச்சொற்களும், தண்டர்பேர்டு என்ற அஞ்சல் மென்பொருளில் இறக்கி வைத்த அஞ்சல்களும் இந்த வகையைச் சேர்ந்தவை. டேலி என்ற கணக்கு மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் அதன் தரவுக் கோப்புறை எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதன் பேக்கப் வசதியைக் கொண்டே தனியாக ஒரு நகல் எடுத்து வெளியில் வைக்க வேண்டும். உரிமத்தை முறைப்படி சரண்டர் செய்துவிட்டு ரீசெட் செய்தால் மறுபடி இயக்குவது எளிது.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இதில் தனியான ஓர் இழப்பு உண்டு. நீங்கள் நிறுவிய எழுத்துருக்கள் மேலே சொன்ன பயனர் கோப்புறைகளில் இருப்பவை அல்ல. ரீசெட் அவற்றையும் நீக்கிவிடும். பாமினி, வானவில் போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் அமைத்த பழைய கோப்பை அதன் பின் திறந்தால், ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் கலந்த ஒரு குவியலாகத் தெரியும். பாமினியில் புள்ளி வைத்த இடங்களிலெல்லாம் அரைப்புள்ளி நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அதை அழித்துவிட்டவர்கள் இருக்கிறார்கள். கோப்பு கெடவில்லை, எழுத்துருவை மறுபடி நிறுவினால் எழுத்துகள் வந்துவிடும். ஆகையால் எழுத்துருக் கோப்புகளையும், என்.எச்.எம். ரைட்டர், அழகி போன்ற தட்டச்சுக் கருவிகளின் நிறுவல் கோப்புகளையும் உங்கள் காப்புநகலோடு சேர்த்தே வையுங்கள்.

நான் எல்லாவற்றையும் டி டிரைவில்தான் போட்டு வைத்திருக்கிறேன். சி போனாலும் எனக்குப் பயமில்லைதானே?

இந்த நம்பிக்கையில் பாதிதான் உண்மை. விண்டோஸை மறுபடி போடும்போது சி டிரைவை மட்டும் அழித்தால் டி டிரைவு தப்பிக்கும். அந்த அளவில் அது நல்ல பழக்கமே. ஆனால் 'ரிமூவ் எவ்ரிதிங்' தேர்ந்தெடுக்கும்போது, விண்டோஸ் இருக்கும் டிரைவை மட்டும் அழிப்பதா, எல்லா டிரைவுகளையும் அழிப்பதா என்று ஒரு கேள்வி வரும். அங்கே கவனம் தவறினால் டி டிரைவும் போகும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, பல வீடுகளில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகளாக இருப்பது. டிஸ்க் பழுதானாலோ மடிக்கணினி திருட்டுப் போனாலோ இரண்டும் ஒன்றாகவே போய்விடும். காப்புநகல் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அது கணினியை விட்டுக் கழற்றி எடுத்து வைக்கக்கூடிய வேறொரு பொருளில் இருக்க வேண்டும்.

ஒன்டிரைவில் எல்லாம் தானாகவே ஏறிக்கொண்டிருக்கிறது. அது போதாதா?

டிஸ்க் செத்துவிட்டால் போதும். கோப்பு தவறுதலாக அழிந்துவிட்டால் போதாமல் போகலாம். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் போன்றவை கணினியில் இருப்பதும் மேகத்தில் இருப்பதும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்பவை. இங்கே ஒரு கோப்புறையை நீக்கினால் அங்கேயும் நீங்கும். தனிநபர் கணக்குகளில் இரண்டுமே நீக்கியவற்றை 30 நாள் குப்பைத் தொட்டியில் வைத்திருக்கும்; அதற்குள் கவனித்தால் தப்பிக்கலாம். இலவச இடமும் சிறிதுதான்: ஒன்டிரைவில் 5 ஜி.பி., கூகுளில் 15 ஜி.பி. இடம் நிறைந்ததும் ஏற்றம் நின்றுவிடும். அந்த எச்சரிக்கையைப் பலர் மாதக்கணக்கில் மூடிக்கொண்டே இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒன்டிரைவ் கோப்புறையில் மேகச் சின்னத்தோடு தெரியும் கோப்புகள் உங்கள் கணினியில் இல்லை; பெயர் மட்டுமே இருக்கிறது. இணையம் இல்லாத நேரத்தில் அவற்றை எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு நகலெடுக்க முயன்றால் பிழைதான் வரும்.

கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் போதுமா, முழு இமேஜ் எடுக்க வேண்டுமா?

பெரும்பாலான வீடுகளுக்குக் கோப்புகளின் நகலே போதும் என்பது என் கருத்து. விண்டோஸை எப்போது வேண்டுமானாலும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். குழந்தையின் முதல் வகுப்புப் படத்தை எங்கிருந்தும் இறக்க முடியாது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து இருக்கும் ஃபைல் ஹிஸ்டரி, எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்றைச் செருகி ஒருமுறை ஆன் செய்துவிட்டால், மாறிய கோப்புகளை மணிக்கொரு முறை நகலெடுத்து, பழைய வடிவங்களையும் சேர்த்து வைக்கும். விண்டோஸ் 11-இல் அது கண்ட்ரோல் பேனலுக்குள் இருக்கிறது.

இமேஜ் என்பது டிஸ்க்கை விண்டோஸ், மென்பொருள்கள், கோப்புகள் எல்லாவற்றோடும் அப்படியே பிடித்து வைப்பது. அச்சகம், கணக்கு அலுவலகம் போல, மறுபடி நிறுவக் கடினமான மென்பொருள்கள் பல இருக்கும் இடங்களில் அது ஒரு நாள் வேலையை ஒரு மணி நேரத்தில் முடித்துத் தரும். ஆனால் இமேஜை மீட்டால் டிஸ்க் முழுவதும் அது எடுக்கப்பட்ட தேதிக்குத் திரும்பிவிடும். அதன் பிறகு எழுதியவை அனைத்தும் மறையும். எனவே இமேஜை மீட்கும் முன் புதிய கோப்புகளை வெளியே எடுத்துவிட வேண்டும். விண்டோஸோடு வரும் இமேஜ் வசதியை மேற்கொண்டு வளர்ப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் 2017-லேயே அறிவித்துவிட்டதால், இதற்குத் தனி மென்பொருளைப் பயன்படுத்துவது நல்லது.

கணினி நன்றாகத்தானே ஓடுகிறது. இப்போதே எதற்கு நகல்?

2018 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10 அப்டேட் ஒன்று, சிலருடைய டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் கோப்புறைகளில் இருந்தவற்றை அழித்துவிட்டது. சில நாள்களிலேயே மைக்ரோசாஃப்ட் அதன் விநியோகத்தை நிறுத்தியது. நவம்பரில் திருத்தி வெளியிட்டது. கோப்புகளை இழந்தவர்களின் கணினிகளும் அதற்கு முந்தைய நாள் வரை நன்றாகத்தான் ஓடின.

ரொம்ப மெதுவாகிவிட்டது. ரீசெட் செய்தால் வேகம் வருமா?

மென்பொருள் குப்பையால் மெதுவானது என்றால் வரும். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கால் மெதுவானது என்றால் வராது, அதற்குச் சுழலும் பாகம் இல்லாத, வேகமான எஸ்.எஸ்.டி. டிஸ்க்காக மாற்றுவதே வழி. மெதுவாவதோடு டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்ற சத்தமும் கேட்டால், ரீசெட் பொத்தானின் பக்கமே போகாதீர்கள். ரீசெட் டிஸ்க்கில் பல ஜி.பி. அளவுக்கு எழுதும்; செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கை அது முடித்துவிடக்கூடும். முக்கியமான கோப்புகளை முதலில் எடுங்கள், மற்றவற்றை அடுத்து எடுங்கள், பிறகு புது டிஸ்க் போடுங்கள்.

'கிளவுட் டவுன்லோட்', 'லோக்கல் ரீஇன்ஸ்டால்' என்று கேட்கிறது. எதைக் கொடுப்பது?

லோக்கல் என்பது கணினியில் ஏற்கெனவே இருக்கும் விண்டோஸ் கோப்புகளைக் கொண்டே மறுபடி கட்டுவது. அந்தக் கோப்புகளே கெட்டிருந்தால் அது தோற்கும். 2020-இல் வந்த கிளவுட் டவுன்லோட் ஏறத்தாழ 4 ஜி.பி. அளவுக்குப் புதிதாக இறக்கிப் போடும். இணையம் நன்றாக இருந்தால் கிளவுட். மொபைல் டேட்டாவை நம்பி இருந்தால் லோக்கல். எதைத் தேர்ந்தெடுத்தாலும், கோப்புகள் நிற்குமா என்பதை முடிவு செய்வது இதற்கு முன் வந்த 'கீப் மை ஃபைல்ஸ்' திரைதான்.

விண்டோஸும் திறக்கவில்லை, பேக்கப்பும் எடுக்கவில்லை. படங்கள் எல்லாம் போச்சா?

பெரும்பாலும் போயிருக்காது. விண்டோஸ் திறக்காததற்கும் கோப்புகள் அழிவதற்கும் தொடர்பில்லை. மேலே சொன்ன மீட்புத் திரையின் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பகுதியில், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்ட் இருக்கிறது. அதைத் திறந்து 'நோட்பேட்' என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுத்தால் நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல் மெனுவில் 'ஓபன்' கொடுத்து, கீழே கோப்பு வகையை 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றுங்கள். இப்போது அந்தச் சிறு சாளரம் ஒரு ஃபைல் எக்ஸ்ப்ளோரராக வேலை செய்யும்: கோப்புறையை ரைட் கிளிக் செய்து காப்பி எடுத்து, செருகியிருக்கும் பென்டிரைவில் பேஸ்ட் செய்யலாம். உங்கள் சி டிரைவு அங்கே வேறு எழுத்தில் தெரியக்கூடும். உள்ளே 'யூஸர்ஸ்' கோப்புறை இருக்கிறதா என்று பார்த்துக் கண்டுகொள்ளுங்கள். நகலெடுக்கும்போது எவ்வளவு முடிந்தது என்று காட்டாமல் திரை உறைந்ததுபோல் நிற்கலாம், பொறுத்திருங்கள். பென்டிரைவு எஃப்.ஏ.டி. 32 என்ற பழைய கோப்பு அமைப்பில் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு அதில் ஏறாது.

நிறைய எடுக்க வேண்டியிருந்தால், வேறொரு கணினியில் உபுண்டு போன்ற லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி, 'ட்ரை' என்ற வழியில், நிறுவாமலேயே இயக்கி நகலெடுப்பது வசதியானது. 'இன்ஸ்டால்' என்பதைத் தொட்டுவிடாதீர்கள்.

கோப்புகளை அழித்துவிட்டேன். ரெகவரி சாஃப்ட்வேர் போட்டால் வராதா?

சுழலும் ஹார்டு டிஸ்க்கில் வர வாய்ப்பு உண்டு. அதற்கு, அழித்த கணத்திலிருந்து அந்த டிஸ்க்கில் எதையும் எழுதாமல் இருக்க வேண்டும். ரெகவரி மென்பொருளை அதே டிஸ்க்கில் நிறுவுவதும் எழுதுவதுதான். எஸ்.எஸ்.டி.யில் வாய்ப்பு மிகக் குறைவு, ஏனெனில் அழித்த இடத்தை விண்டோஸ் டிரிம் என்ற கட்டளையால் உடனே தெரிவித்துவிட, எஸ்.எஸ்.டி. அதைத் தானே துடைத்துவிடும்.

வைரஸ் எல்லாக் கோப்புகளையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிறது. சிஸ்டம் ரீஸ்டோர் உதவுமா?

உதவாது. ரீஸ்டோர் பாயிண்ட்டுகளை முதலில் அழித்துவிட்டே இத்தகைய ரான்சம்வேர்கள் பல வேலையைத் தொடங்குகின்றன. 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரையும் அவற்றை அழித்தது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கணினியோடு எந்நேரமும் இணைந்திருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கையும் இவை பூட்டிவிடும். ஆகையால் நகல் எடுத்து முடித்ததும் கழற்றி வைப்பது நகல் எடுப்பதற்குச் சமமான கடமை. ஃபைல் ஹிஸ்டரிக்கான டிஸ்க்கை எப்போதும் செருகியே வைக்க விரும்பினால், மாதம் ஒருமுறை இரண்டாவது டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து அதைக் கழற்றி வையுங்கள்.

இந்த நிலையில் 'கீப் மை ஃபைல்ஸ்' பொருத்தமற்றது. இணையத்தைத் துண்டித்து, நல்ல கணினி ஒன்றில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு 8 ஜி.பி. பென்டிரைவில் விண்டோஸை ஏற்றி, டிஸ்க்கை முழுவதும் அழித்துப் புதிதாகப் போடுங்கள். அதன் பிறகே காப்புநகலைச் செருகுங்கள். நகல் இல்லாவிட்டால், பூட்டிய கோப்புகளை அப்படியே ஒரு டிஸ்க்கில் எடுத்து வைத்திருங்கள். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' திட்டம் சில வகைகளுக்கான திறவுகோல்களை இலவசமாகத் தருகிறது. இன்று இல்லாதது பின்னர் வரக்கூடும்.

ரீசெட் பாதியில் நின்று, 'மாற்றங்கள் எதுவும் செய்யப்படவில்லை' என்கிறது. என் கணினியில்தான் கோளாறா?

அப்படி இருக்க வேண்டியதில்லை. 2025 ஆகஸ்டில் வந்த பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் 10-இலும், விண்டோஸ் 11-இன் சில பதிப்புகளிலும் ரீசெட்டே தோற்றது. ஒரு வாரத்தில் தனித் திருத்தம் வெளியிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபர் அப்டேட்டுக்குப் பின் விண்டோஸ் 11-இன் மீட்புத் திரையில் யு.எஸ்.பி. கீபோர்டும் மவுசும் வேலை செய்யவில்லை. அதற்கும் சில நாள்களில் திருத்தம் வந்தது. மீட்கும் கருவியே அப்டேட்டால் கெடக்கூடும் என்பதால்தான், முந்தைய விடையில் சொன்ன விண்டோஸ் பென்டிரைவைக் கணினி நன்றாக இருக்கும்போதே செய்து வைக்கச் சொல்கிறேன்.

எதைத் தொட்டாலும் பிட்லாக்கர் கீ கேட்கிறது. நான் அப்படி எதுவும் போடவே இல்லையே?

நீங்கள் போட்டிருக்க மாட்டீர்கள். புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முதன்முதலில் நுழைந்ததும் பிட்லாக்கர் என்ற பூட்டால் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டு, 48 இலக்கத் திறவுகோல் அந்தக் கணக்கில் சேமிக்கப்படுகிறது. வேறொரு கணினியிலோ போனிலோ மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, டிவைசஸ் பகுதியில் அதைக் காணலாம். கணினியை முதலில் அமைத்துத் தந்தவர் தம்முடைய கணக்கைப் பயன்படுத்தியிருந்தால், திறவுகோல் அவரிடம்தான் இருக்கும். அது கிடைக்காவிட்டால் நோட்பேட் வழியும் லினக்ஸ் வழியும் பயன்படா. எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மறுபடி போடலாமே தவிர, கோப்புகளை எவராலும் எடுக்க முடியாது. இன்றே அந்த 48 இலக்கங்களைத் தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.

சர்வீஸ் கடையில் 'ஃபார்மட் அடித்துவிடலாமா' என்று கேட்கிறார்கள். என்ன சொல்ல வேண்டும்?

கோப்புகளின் நகல் உங்கள் கையில் இருந்தால் சம்மதியுங்கள். இல்லாவிட்டால், முதலில் கோப்புகளை எடுத்துத் தரும்படியும், அதற்கான கட்டணத்தைத் தனியாகச் சொல்லும்படியும் கேளுங்கள். 'டேட்டா எடுத்துவிட்டோம்' என்ற சொல்லோடு நிறுத்தாமல், எடுத்த டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, எந்தக் கோப்புறைகள் வந்திருக்கின்றன என்று பார்த்து, இரண்டு மூன்று படங்களையும் ஆவணங்களையும் திறந்து பாருங்கள். டெஸ்க்டாப்பில் இருந்தவை விடுபடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அதன் பிறகே அழிக்கச் சொல்லுங்கள். டிஸ்க்கை மாற்றினால் பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கி வாருங்கள். விடுபட்ட கோப்பு ஒன்று நினைவுக்கு வந்தால் அதைத் தேட வேண்டிய இடம் அதுதான், தவிர உங்கள் ஆதார் நகலும் வங்கிக் கணக்கு விவரமும் அதில்தான் இருக்கின்றன.